நான் விழுங்காத மாத்திரைகள்

தம்பி,

இதைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். நேற்றும் முந்தாநாளும் நீ கூப்பிட்டபோது தொண்டைவரை வந்தது. "மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்டாய். "போட்டாச்சுப்பா" என்றேன். "சரிம்மா, வேலைக்கு நேரமாச்சு" என்றாய். அவ்வளவுதான், போன் அணைந்துவிட்டது. நேற்றும் முந்தாநாளும் நான் சொன்னது நிஜம். அதற்கு முன்னால் பல நாள் சொன்னது பொய். வாயால் வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நகங்களைச் சுற்றி வீங்கிக் கிடப்பதால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை, இரண்டு விரலுக்குப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். வேலை இடத்தில் திறக்காதே. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுப் படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. வருகிற வியாழக்கிழமை டாக்டரம்மா என் மருந்தை மாற்றப்போகிறார். நுரையீரலில் இருக்கும் கட்டி கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, இத்தனை நாளாகச் சாப்பிடும் மாத்திரை கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, ட்ரிப்பில் ஏற்றும் கீமோவுக்குப் போகலாம் என்று உன் முன்னால்தானே சொன்னார். நீயும் தலையை ஆட்டினாய். அவர் மேல் தப்பில்லை, தெரிந்ததை வைத்துச் சொன்னார். அவருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த மாத்திரை எனக்குக் கேட்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் அதை ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. இரண்டு தடவை நானாக நிறுத்தினேன். உனக்கும் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்கும் சொல்லவில்லை. கேட்கிற மருந்தைக் கேட்கவில்லை என்று ஒதுக்கிவிட்டுப் போனால் அது திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

இருமல் ஆரம்பித்தது போன தீபாவளிக்கு முன்னால். படம் எடுத்த பிறகு நீ என்னிடம் "சளிக் கட்டிம்மா, கரைச்சிடலாம்" என்றாய். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தவள் என்றாலும், நம்மை உட்கார வைத்த இடத்தில் சுவரில் மாட்டியிருந்த பலகையைப் படிக்க எனக்கு மலாய் போதும். கான்சர் என்கிற சொல் எந்த மொழியில் எழுதினாலும் கான்சர்தான். தெரியாத மாதிரியே இருந்தேன். நீ பயந்திருந்தாய், உன் பயத்தின் மேல் என் பயத்தையும் ஏற்ற மனம் வரவில்லை. பதினேழு வயதில் பால்மரம் வெட்டப் போனவள், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு களைக்கு அடித்தவள், ஒரு பீடியை வாயில் வைத்ததில்லை, எனக்கு ஏன் நுரையீரலில் என்று மட்டும் டாக்டரைக் கேட்டேன். புகைக்காத பெண்களுக்கும் இந்த வகை வருகிறது, இதனால்தான் வந்தது என்று கை காட்ட முடியாது என்றார். எடுத்த சதையைக் கோலாலம்பூருக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள். முடிவு வந்த அன்று நீ ஜொகூரிலிருந்து ஓடி வந்தாய். "அம்மா, உங்க கட்டிக்குன்னு தனியா ஒரு மாத்திரை இருக்காம். ஊசி இல்ல, முடி கொட்டாது, வீட்டுலயே சாப்பிடலாம்" என்று சொன்னபோது உன் முகம் எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்த அன்று இருந்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு மருந்து கொடுக்கும் பிள்ளை உன்னை உட்கார வைத்து அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசியது. ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தது. நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். காரில் ஏறியதும் "அந்தப் புள்ள அவ்வளவு நேரம் என்னா சொன்னுச்சு?" என்று கேட்டேன். நீ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லம்மா. கொஞ்சம் வயித்தால போகலாம், கொஞ்சம் அரிக்கலாம். எதுனாலும் எனக்கு போன் பண்ணுங்க" என்றாய். புத்தகத்தைக் கேட்டேன். "நான் படிச்சு சொல்றேன் லா" என்று காரிலேயே வைத்துக்கொண்டாய். அதில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று மறைத்தாய். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஆனால் அது நடந்தது, நடந்ததை எழுதாமல் விட்டால் மீதியும் புரியாது.

தைப்பூசம் முடிந்த வாரத்தில் மாத்திரையைத் தொடங்கினேன். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. பத்து நாள் ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஒரு காலையில் முகம் கழுவும்போது மூக்கின் இரண்டு பக்கமும் மணல் ஒட்டின மாதிரி இருந்தது. அடுத்த நாள் கன்னம், நெற்றி, தலைக்குள்ளே. அதற்கடுத்த நாள் கழுத்தும் மார்பும். சிவந்து, நுனியில் சீழ் வைத்து, முத்து முத்தாக. கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை தம்பி, நானே முடிவு கட்டினேன். அப்பாவைக் கூப்பிட்டு, "என்னாங்க, ஆத்தா வந்திருக்கா" என்றேன்.

நம் வீட்டில் ஆத்தா வந்தால் எப்படி இருக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது உனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலையை விரித்து உன்னைப் படுக்க வைத்தேன். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றவில்லை, கறி மீன் இல்லை, யாரையும் உள்ளே விடவில்லை. முக்கியமாக மருந்து இல்லை. ஆத்தா இருக்கும் உடம்பில் மருந்து போனால் அவளுக்குக் கோபம் வரும், முத்து உள்ளே இறங்கிவிடும் என்பார்கள். கிளினிக்கிலிருந்து மருந்து கொடுக்க வந்த டிரஸரை வாசலோடு திருப்பி அனுப்பினேன். மூன்று தண்ணி ஊற்றி உன்னை எழுப்பினேன், ஒரு தழும்பு இல்லாமல் எழுந்து விளையாடப் போனாய். தானாகப் போகிற நோய் தானாகப் போனது என்று அன்றைக்கு யார் எனக்குச் சொன்னார்கள்? நான் காப்பாற்றினேன் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இந்தத் தடவை எனக்குக் காய்ச்சல் இல்லை. அதையும் கவனித்தேன். கவனித்தும், அது வேறு வகை அம்மையாக இருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

மாத்திரையை அன்றைக்கே நிறுத்தினேன். தூக்கி எறியவில்லை, அட்டையோடு சாமி மாடத்தில் வைத்தேன். அப்பா ஒரே ஒரு தடவை, "ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றார். "ஆத்தா வந்ததுக்கு எவன் ஆஸ்பத்திரியில போயி நிப்பான்? உங்களுக்கு என்னா தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் செண்டாயானில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை முடிந்து வரும் வழியில் தினம் வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தார். உனக்குச் சொல்லியிருந்தால் அடுத்த மணி நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய். "இந்தக் காலத்துலயும் இப்படி இருக்கீங்களே" என்று சத்தம் போட்டிருப்பாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. தினம் காலையில் நீ கேட்டாய், நான் போட்டாச்சு என்றேன். முதல் நாள் நாக்கு கூசியது. நாலாம் நாள் கூசவில்லை.

அந்த நேரத்தில்தான் கவிதாவின் வளைகாப்பு வந்தது. ரஹாங்கில் அவள் அம்மா வீட்டில் பந்தல் போட்டு, மாமியார் கையால் முதல் வளையல் போட வேண்டும் என்று காத்திருந்தார்கள். நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். மண்டபமா, வீடுதானே, வந்து ஒரு வளையல் போட்டுவிட்டுப் போகக்கூடாதா என்று சம்பந்தி கேட்டது என் காதுக்கும் வந்தது. அன்று சாயங்காலம் நீங்கள் இருவரும் சாப்பாட்டுக் கேரியரோடு நம் தோட்டத்துக்கே வந்துவிட்டீர்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியை ஆத்தா இருக்கிற வீட்டுக்குள் விடுவேனா? அப்பாவை மோட்டாரில் விரட்டினேன். அவர் தோட்டத்து ஆபீஸ் முனையிலேயே உங்களை நிறுத்தி, அம்மா தூங்குகிறாள் என்று கேரியரை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார். நீ அதற்குப் பிறகு எட்டு நாள் போனில் மாத்திரையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அப்பா திரும்பி வந்து, "மருமக ரெண்டு கையும் நெறைய வளையலு. உன்கிட்ட காட்டணும்னு வந்துச்சாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவளை நான் ஒதுக்கவில்லை, காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதை அவளிடம் நீ படித்துக் காட்டு.

மூன்று தண்ணி ஊற்றினேன். மூன்று வாரத்தில் முகம் சுத்தமாகிவிட்டது. மாத்திரை நின்றதால் பரு போனது என்று எனக்கு எப்படித் தெரியும், வேப்பிலையும் மஞ்சளும் எடுத்தது என்று நினைத்தேன். கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு மாத்திரையை மறுபடி தொடங்கினேன். காய்ச்சல் என்று தள்ளிப் போட்டிருந்த செக்கப்புக்கும் போனேன். டாக்டரம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தோலில் ஒன்றும் வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் மருந்தைப் பற்றிக் கேட்டார், நான் மருந்துக்குத்தான் பதில் சொன்னேன். அம்மை போட்டதை எதற்கு மலாய்க்கார டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு வாரம் கூட ஆகவில்லை, முகம் மறுபடியும் பூத்தது. ஆத்தா ஒரே மாதத்தில் இரண்டு தடவை வருவாளா? அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? கூழ் ஊற்றின அன்றைக்கே அப்பா பக்கத்து லயத்து வீட்டில் கருவாடு சாப்பிட்டுவிட்டு வந்தார், அதுதான் குற்றம் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அவரும் ஒப்புக்கொண்டார். மாத்திரை மறுபடி சாமி மாடத்துக்குப் போனது. அந்தத் தடவை இரண்டு வாரம். முகம் தெளிந்ததும் மூன்றாவது தடவையாகத் தொடங்கினேன்.

ஸ்கேன் முடிவு சொல்லும் நாளன்று நீ லீவு போட்டு வந்திருந்தாய். காரை நிறுத்த இடம் கிடைக்காமல் நீ சுற்றிக்கொண்டிருக்க, நான் முதலில் போய் உட்கார்ந்தேன். முகத்தில் மறுபடி அரும்பத் தொடங்கியிருந்தது, பவுடரை அப்பிக்கொண்டு சால்வையை இழுத்துப் போட்டிருந்தேன். எதிரே ஒரு சீனத்தி வந்து உட்கார்ந்தாள், என் வயதுதான் இருக்கும். அவள் முகத்தைப் பார்த்தேன். அதே மூக்கோரம், அதே கன்னம், அதே சீழ் முத்து. என் முகத்தையே கழற்றி எதிரில் வைத்த மாதிரி இருந்தது. இவள் வீட்டிலும் ஆத்தா வந்திருக்கிறாளா என்று ஒரு கணம் நான் நிஜமாகவே நினைத்தேன், சிரிக்காதே. "ஆண்ட்டி, முகா கெனாப்பா?" என்று முகத்துக்கு என்ன என்று கேட்டேன். அவள் சர்வசாதாரணமாக, "மக்கான் உபாட் மா, மெஸ்தி கெலுவார்" என்றாள். மருந்து சாப்பிட்டால் வரத்தானே செய்யும். கைப்பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். என் பெட்டிதான் அது, நிறம்கூட மாறவில்லை. பிறகு என் சால்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "சமா லா" என்றாள். உனக்கும் அதேதான்.

அந்த இடத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இத்தனை நாளும் நான் செய்ததெல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று எழும்போதே பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், நீயும் மூச்சு வாங்க ஓடி வந்தாய். உள்ளே போனால் டாக்டரம்மா முதலில் படத்தைக் காட்டினார். கட்டி வளர்ந்திருக்கிறது என்றார். உன் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "உபாட் அடா தெர்திங்கால்?" என்று கேட்டார். மாத்திரை எதுவும் விட்டுப்போனதா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், ஒரு நாள்கூட விடவில்லை, தினமும் காலையில் நானே போன் பண்ணிக் கேட்கிறேன் என்று. எவ்வளவு பெருமையாகச் சொன்னாய் தம்பி. ஜொகூரில் இருந்துகொண்டு உன்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் அந்தப் போன்தான், அதை ஒரு நாள் தவறாமல் செய்தாய். அது எல்லாம் வீண் என்று டாக்டரம்மாவுக்கு முன்னால் உன் முகத்தில் எப்படி அடிப்பேன்? நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் என் பருவைப் பார்த்து, இது மருந்தால் வருவது என்று களிம்பு எழுதிக் கொடுத்தார், கீமோவைப் பற்றி உன்னிடம் பேசத் தொடங்கினார்.

நீ மருந்து வாங்க வரிசையில் நின்றபோது அங்கே நர்ஸாக இருந்த தமிழ் மிஸ்ஸியிடம் போனேன். இந்த மருந்து எப்படித்தான் வேலை செய்கிறது, முகத்தில் ஏன் வருகிறது என்று கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "கீமோ நீங்க களைக்கு மருந்து அடிக்கிற மாதிரிம்மா, வேகமா வளர்றது எது மேல பட்டாலும் கருக்கும். இது அப்படி இல்ல. உங்க கட்டியில ஒரு சுவிட்சு ஆன் ஆகி மாட்டிக்கிச்சு. வளரு, வளருன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கு. இந்த மாத்திரை போயி அந்த சுவிட்ச பிடிச்சிக்கிது." அப்படியென்றால் என் மூக்கு என்ன பாவம் செய்தது என்றேன். அவள் சிரித்தாள். "அதே சுவிட்சு நம்ம தோலுலயும் இருக்கு, நகத்தடியில இருக்கு, குடலுலயும் இருக்கு. தோலு தினம் புதுசாகணும் இல்லையா, அதுக்கு அது வேணும். மாத்திரைக்கு ஆளு பார்க்கத் தெரியாதும்மா, சுவிட்சத்தான் தெரியும். அதான் பரு வருது, வயித்தால போகுது. ஒட்டாது, யாருக்கும் தொத்தாது." பரு வந்தால் மருந்து உடம்பில் வேலை செய்கிறது என்று பல பேருக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் வராதவர்களுக்கும் கேட்கும், அதை வைத்து நாமாக முடிவு கட்டக்கூடாது என்றாள்.

பிறகு, யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பது போல, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நீங்களா நிறுத்தக்கூடாதும்மா. பொறுக்க முடியலன்னா எங்ககிட்ட சொல்லணும். டாக்டரே சில நாளு நிறுத்தச் சொல்லுவாங்க, இல்லன்னா அளவு கொறைச்சிக் குடுப்பாங்க, பருவுக்குத் தனியா மாத்திரை இருக்கு, வயித்துக்கு இருக்கு. சொல்லாம விட்டா, உள்ள இருக்கிறது மறுபடி வளர ஆரம்பிச்சிரும்." ஒழுங்காகச் சாப்பிட்டாலும் இது காலத்துக்கும் கேட்காது, ஒரு நாள் அந்தக் கட்டி வேறு வழி கண்டுபிடிக்கும், அப்போது மறுபடி சோதித்து வேறு மருந்து பார்ப்பார்கள் என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும்தான் கணக்குப் பார்த்தேன். கிடைக்கிற காலமே அளவானது, அதிலிருந்து வாரக்கணக்கில் நானே வேப்பிலை கட்டி வழியனுப்பியிருக்கிறேன். மிஸ்ஸி எனக்கு அந்தப் புத்தகத்தை மலாயில் கொடுத்தாள். "மொதல்லயே ஒண்ணு குடுத்திருப்பாங்களே?" என்றாள். "மகன்கிட்ட இருக்கு" என்றேன். நடுப்பக்கத்தில் ஒரு முகம் போட்டிருந்தது. என் முகம்தான்.

அன்று முதல் ஒரு நாளும் விடவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள். முகம் நன்றாகவே பூத்திருக்கிறது. களிம்பு போடுகிறேன், சோப்பை விட்டுவிட்டேன், வெயிலுக்குப் போகும்போது தொப்பியும் ஏதோ வெள்ளைக் குழம்பும். முப்பது வருடம் வெயிலில் நின்றவளுக்கு இப்போது துணி காயப்போடும் வெயில் ஆகவில்லை. சாப்பாட்டைக் கையால் பிசைய முடியவில்லை, குழம்பு பட்டால் நகத்தோரம் நெருப்பு வைத்தது போல் எரிகிறது, கரண்டியால் சாப்பிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சிரம்பானுக்குப் பஸ்ஸில் போகும்போது வயிறு தாங்கவில்லை, பாதி வழியில் இறங்கி பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடைக் கழிப்பறைக்கு ஓடினேன். பிறகு வெளியே பலகையில் உட்கார்ந்து, வீட்டுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். களைத்துவிட்டேன் தம்பி. நோய் தந்த களைப்பு ஒன்று, மருந்து தந்தது இன்னொன்று, உன்னிடம் பொய் சொல்லிச் சொல்லி வந்தது மூன்றாவது. முதல் இரண்டையும் ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும்.

மறைக்கும் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். என்னிடமிருந்துதான். நீ விடுதியில் தங்கி எஸ்.பி.எம். எழுதிக்கொண்டிருந்தபோது தாத்தா இறந்து போனார். பரீட்சை கெட்டுவிடும் என்று நான் உனக்குச் சொல்லவில்லை, யாரையும் சொல்லவும் விடவில்லை. கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு, தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று பிஸ்கட் டின் வாங்கிக்கொண்டு வந்தாய். வாசலில் இருந்த படத்தையும் மாலையையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாய். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நீ நல்ல மார்க் வாங்கினாய், அதனால் நான் செய்தது சரி என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். பிடித்தவர்களுக்குக் கெட்ட செய்தியை மறைப்பதுதான் பாசம் என்று நான் உனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். நீயும் கற்றுக்கொண்டு, காரில் அந்தப் புத்தகத்தை மூடி வைத்தாய். அடுத்த மாதம் நீயும் அப்பன் ஆகப்போகிறாய். உன் பிள்ளையிடம் எதையும் மறைக்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் என்னிடம் மறைக்காதே என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது. முகத்தில் சீழ் வரும் என்றால் சீழ் வரும் என்று சொல். செத்துப்போவேன் என்றால் அதையும் சொல். தெரிந்ததைத் தாங்க எனக்கு முடியும். தெரியாததற்கு நானாக ஒரு பெயர் வைத்ததால்தான் இத்தனையும் நடந்தது.

அப்பாவை ஒரு வார்த்தை சொல்லாதே. அவர் கேட்டார், நான்தான் அடக்கினேன். கருவாட்டுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், "விடு புள்ள" என்றார். ஆத்தாவையும் இழுத்துப் பேசாதே. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வராதவளை வந்தாள் என்று சொன்னது நான். கவிதாவைக் கூட்டிக்கொண்டு வா. என் முகம் பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் தொத்தாது, மிஸ்ஸியிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். வளையல் இன்னும் கையில் இருந்தால் நான் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை டாக்டரம்மா என்ன சொல்வார் என்று தெரியாது. ஒழுங்காகச் சாப்பிட்டு இன்னொரு ஸ்கேன் பார்ப்போம் என்று சொல்லலாம். இல்லை, நேரம் போய்விட்டது, கட்டி வேறு வழி பிடித்துவிட்டது, கீமோதான் என்றும் சொல்லலாம். திட்டலாம். எதுவானாலும் அவர் நிஜத்தை வைத்து முடிவு செய்யட்டும். நீ வா, பக்கத்தில் உட்கார். ஆனால் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்காகப் பதில் சொல்லாதே. உனக்குக் கஷ்டமாக இருந்தால் சுவரைப் பார்த்துக்கொள், என் முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் எனக்கு வாய் வராது. மலாயில் எப்படிச் சொல்வது என்று அப்பாவோடு உட்கார்ந்து பழகிவிட்டேன். அடா, டொக்டோர். தீகா புலோ எனாம் ஹாரி. சாமி மாடத்தில் கிடந்த அட்டைகளை எடுத்து நானே எண்ணினேன். விட்டது முப்பத்தாறு நாள், தம்பி. டாக்டருக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்கிறேன்.

அம்மா